வெள்ளி பூசும் ஊர்

செக் குடியரசின் தலைநகர் பிராகிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால், லாபே, ஓர்லிட்சே என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் வருகிறது ஹ்ராடெட்ஸ் க்ராலோவே. அந்தக் காலத்தில் பொஹீமிய ராணிகளுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்ட ஊர். சதுக்கத்தின் ஓரத்தில் 72 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது வெள்ளைக் கோபுரம். பெயரில்தான் வெள்ளை, கல்லெல்லாம் கறுத்துவிட்டது!

கறுப்பு-வெள்ளை போட்டோ பேப்பருக்கும் இதுதான் ஊர். 1921-ல் இங்கே தொடங்கிய ஃபோமா நிறுவனம், வெள்ளி உப்பைக் ஜெலட்டினில் கலந்து காகிதத்தில் பூசும் வேலையை இன்னும் விடவில்லை. 2005-ல் கோடாக் கறுப்பு-வெள்ளை பேப்பரை நிறுத்தியது. நம் ஊட்டியில் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் மூடிக்கிடக்கிறது. அதனால், குளியலறையை இருட்டாக்கி பிரிண்ட் போட ஆசைப்படும் மாணவருக்கு, மிச்சமிருக்கும் சில கம்பெனிகளில் கைக்கு அடக்கமான விலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஃபோமாதான்.

அதிலும் எதை வாங்குவது? ஃபோமாப்ரோம், பழைய பாணி காகிதம். பார்க்க அத்தனை அழகு! ஆனால், அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும்; காயும்போது அப்பளம் போல் சுருளும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஃபோமாஸ்பீடுக்குச் சில நிமிட அலசலே போதும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வீட்டில் சந்தேகமே வேண்டாம், இரண்டாவதுதான். 'வேரியன்ட்' என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். மஞ்சள், மெஜந்தா ஃபில்டர்களை மாற்றியே படத்தை மென்மையாகவோ அழுத்தமாகவோ ஆக்கலாம். மூன்று கிரேடுக்கு மூன்று பெட்டி வாங்கும் செலவு இல்லை.

பழைய ஸ்டாக் பாதி விலைக்குக் கிடைத்தால் கொஞ்சம் உஷார். இருட்டில் ஒரு தாளிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை நேராக ஹைப்போவிலும், மற்றதை டெவலப்பரில் முழு நேரம் வைத்த பிறகு ஹைப்போவிலும் போட வேண்டும். இரண்டாவது துண்டு மட்டும் சாம்பல் பூத்திருந்தால், அந்தப் பெட்டி விலைக்கு வாங்கும் வீண்செலவு.

புதுப் பெட்டியானாலும் முழுத் தாளில் ஒத்திகை பார்ப்பது கட்டுப்படியாகாது. 18-க்கு 24 சென்டிமீட்டர் தாளை நான்காக வெட்டினால், 9-க்கு 12-ல் நான்கு துண்டுகள். கருஞ்சிவப்பு விளக்கொளியில், கத்தரி கைவசம் இருந்தால் போதும்.