சாராளிடம் யார் கேட்டார்?



இவ்வாரத் தியானப் பகுதி: ஆதியாகமம் 12:1-5, எபிரெயர் 11:8-11.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றிருந்தபோது, நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, நீங்களும் ஐயரம்மாவும் சீமைக்குப் போறீங்களாமே, அந்த ஊருல தமிழு பேசுவாங்களா?” என்று கேட்டார். அந்த ஊரின் மொழி பிரெஞ்சு என்றும், ஆயினும் 1980களில் போருக்குத் தப்பி அகதிகளாய்ச் சென்ற இலங்கைத் தமிழர் பலர் அந்த நாட்டில் குடியேறி வாழ்கிறார்கள் என்றும் சொன்னேன். “அப்பச் சரி, சோத்துக்குக் கவலையில்ல” என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார். செய்தி திருத்தங்கல் முழுவதும் பரவிவிட்டபடியால், இந்தப் பயணத்தைப் பற்றி நானே எழுதிவிடுவது நல்லது. பயணம் இன்னும் நடக்கவில்லை. ஆயினும் அதற்கான ஆயத்தத்திலேயே ஆண்டவர் எனக்கு ஒரு பாடம் கற்பித்துவிட்டார்.

எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவுக்கு, பெங்களூரில் வேலை செய்யும் எங்கள் மகள் தன் சேமிப்பிலிருந்து ஒரு தொகையைத் தந்தாள். “இதுவரை நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து போனதெல்லாம் கன்வென்ஷன் கூட்டத்துக்குத்தான். ஒரு தடவையாவது வெளிநாடு போயிட்டு வாங்க” என்றாள். மழைக்காலத்தில் வேலையின்றி வீட்டிலிருக்கும் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த ஒரு சபையின் போதகர் இப்படிச் செலவிடலாமா என்று நெடுநாள் தயங்கினேன். “இது நான் உழைச்ச காசு, காணிக்கைக் காசு இல்லை” என்று மகள் கண்டிப்பாய்ச் சொன்னபின்பே இணங்கினேன்.

எந்த ஊர் என்பதை நான் ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன். ஜெனீவா. இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு படித்த நாளிலிருந்தே என் உள்ளத்தில் இருந்த ஊர் அது. 1536இல் ஒரே ஓர் இரவு தங்கிச் செல்ல அவ்வூருக்கு வந்த ஜான் கால்வினை, பாரேல் என்ற போதகர் வற்புறுத்தித் தங்க வைத்தார். இரண்டே ஆண்டுகளில் அதே நகரம் இருவரையும் வெளியேற்றியது. 1541இல் கால்வினைத் திரும்ப அழைத்தது. அவர் 1564இல் மரிக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார். தம் கல்லறைக்கு மேல் அடையாளக் கல் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், அவர் அடக்கம் செய்யப்பட்ட சரியான இடம் இன்றுவரை தெரியாது. அவர் பிரசங்கித்த பரிசுத்த பேதுரு பேராலயம், ஜான் நாக்ஸ் அகதிகளுக்குப் போதித்த சிற்றாலயம், 1909இல் அடிக்கல் நாட்டப்பட்ட சீர்திருத்த நினைவுச்சுவர், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைமையகம் என்று ஐந்து நாளுக்கும் ஒரு பட்டியல் எழுதினேன். அழகான கையெழுத்தில், நேரம் குறித்து எழுதினேன். என் துணைவியாரிடம் படித்தும் காட்டினேன். “நல்லாருக்குங்க” என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது பாஸ்போர்ட். என்னிடம் முன்பே இருந்தது; அவருக்கு இல்லை. விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வந்தபோது கல்வித்தகுதி என்ற கட்டம் வந்தது. நான் கேட்காமலே எனக்கு விடை தெரியும். ஆனாலும் அவர் தாமே மெதுவாக, “அஞ்சாம் வகுப்புன்னு போடுங்க” என்றார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவர் நடத்தும் வேதபாடத்தைக் கேட்டிருக்கிற உங்களில் பலருக்கு இது வியப்பாயிருக்கலாம். இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றே எழுதுகிறேன். அவர் பிறந்தது சாத்தூருக்கு மேற்கே ஒரு கிராமம். 1980களில், விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து நிற்கும். பத்து வயதில் அவர் அந்தப் பஸ்ஸில் ஏறினார். கட்டை அடுக்கினார், பெட்டி ஒட்டினார். படிப்பு பின்னர் இரவுப் பள்ளியிலும் ஞாயிறு பள்ளியிலுமாகக் கிடைத்தது. சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை.

சில நாட்கள் கழித்து ஓர் இரவு, தங்கும் விடுதியைத் தேடி ஜெனீவாவின் வரைபடத்தைக் கணினியில் விரித்து வைத்திருந்தேன். திருச்சபைகள் மன்றம் இருக்கும் பகுதியைக் காட்டியபோது, “இது என்ன பெரிய கட்டடம்?” என்று கேட்டார். “பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு. தொழிலாளருக்கான சட்டதிட்டங்களை உலக நாடுகள் கூடி எழுதுகிற இடம். பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்பதெல்லாம் அங்கே எழுதியதுதான்” என்று சொல்லிவிட்டு நான் விடுதியைத் தேடுவதிலேயே இருந்தேன். சற்று நேரம் கழித்து அவர் கேட்டார்:

“எங்களப் பத்தி அங்க யாருக்காவது தெரிஞ்சிருக்குமாங்க?”

25 ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசங்கங்கள் செய்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை. அன்றிரவும் மறுநாளும் என் பட்டியலை மடித்து வைத்துவிட்டு அவருக்காகப் படித்தேன்.

அந்த அமைப்பு தொடங்கியது 1919இல். இந்தியா அதன் தொடக்க உறுப்பினர். தொழிற்சாலை வேலைக்குக் குறைந்தபட்ச வயது 14 என்ற உடன்படிக்கையை அதன் முதல் மாநாடே ஏற்றது. அதே மாநாடு, தீப்பெட்டித் தொழிலில் உயிரைக் குடிக்கும் வெள்ளைப் பாஸ்பரசைத் தடை செய்யும்படியும் நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. மூன்றாண்டு கழித்து, 1922இல், நம் பக்கத்துச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மொழி தெரியாத கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அந்தப் பயணம் இந்த வறண்ட பூமிக்குச் சோறு போட்டது; அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். அந்தச் சோற்றுக்குள் சிறு பிள்ளைகளின் விரல்களும் இருந்தன என்பதையும் மறைக்கலாகாது. சிவகாசித் தொழிற்சாலைகளில் பிள்ளைகள் வேலை செய்வதைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். 1998இல் பல நாடுகளின் பிள்ளைகள் கலந்துகொண்ட உலக நடைப்பயணம் ஜெனீவாவில் அந்த அமைப்பின் மாநாட்டில் போய் முடிந்தது. குழந்தைத் தொழிலின் மிகக் கொடிய வடிவங்களை ஒழிக்கும் உடன்படிக்கை அடுத்த ஆண்டே, 1999இல் வந்தது. அதையும், 1973இன் குறைந்தபட்ச வயது உடன்படிக்கையையும் இந்தியா ஏற்று உறுதி செய்தது 2017இல்.

இவற்றையெல்லாம் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார். “அப்ப தெரிஞ்சிருக்கு. வந்து சேரத்தான் நாளாயிருக்கு” என்றார். பிறகு, “நான் அந்தக் கட்டடத்துக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கணும். உள்ள விடாட்டியும் பரவாயில்ல” என்றார். இந்தப் பயணத்தைப் பற்றி அவர் தமக்கென்று கேட்டது அதுவே முதல் தடவை. ஏனெனில் நான் அதுவரை கேட்கவேயில்லை.

அன்பானவர்களே, ஆதியாகமம் 12ஐ எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆபிராமுக்கு வயது 75. ஆண்டவர் அழைத்தார், அவன் புறப்பட்டான், அவனுடைய விசுவாசம் பெரிது. அவனோடு புறப்பட்ட சாராய்க்கு அப்போது ஏறத்தாழ 65 வயது. தன் வீட்டையும் உறவினரையும் அவளும்தான் விட்டுவந்தாள். போகுமிடம் எது என்று அவளுக்கும் தெரியாது. ஆனால் அன்று அவள் என்ன நினைத்தாள் என்று வேதம் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் யாராவது கேட்டார்களா? “நல்லாருக்குங்க” என்று அவளும் சொன்னாளோ? எபிரெயர் நிருபத்தை எழுதியவரோ, ஆபிரகாமின் விசுவாசத்தைச் சொன்ன கையோடு சாராளின் விசுவாசத்தையும் பேர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கூடாரத்தில் மறைந்திருந்தவளை ஆண்டவர் மறக்கவில்லை. மறந்துபோகிறவர்கள் நாம்தான்.

நான் காண ஆசைப்பட்ட அந்த நினைவுச்சுவரிலும் இதே கதைதான். ஐந்து மீட்டர் உயரச் சிலைகளாய் நான்கு ஆண்கள் நிற்கிறார்கள். கால்வின் காலத்திலேயே அந்நகரில் சீர்திருத்தத்துக்காக எழுதிய மரி தாந்தியேர் என்ற பெண்மணியின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டது 2002இல்தான். இறையியல் பட்டம் பெற்ற நான் அவர் பெயரை இந்தப் பயண ஆயத்தத்தில்தான் முதன்முதலாக அறிந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பட்டியலை இருவரும் சேர்ந்து புதிதாக எழுதியிருக்கிறோம். முதல் நாள் ஒன்றுமில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பது மட்டும். இரண்டாம் நாள் காலை, அந்தக் கட்டடத்தின் முன் ஐந்து நிமிடம். கால்வின் மூன்றாம் நாள்வரை காத்திருப்பார். அந்த ஊரில் கடைக்குள் நுழைந்ததும் முதலில் “போன்ழூர்” என்று வணக்கம் சொல்லவேண்டும், சொல்லாமல் பொருளைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று படித்தோம். “நம்ம வீட்டுக்குள்ள வரும்போது ஸ்தோத்திரம் சொல்ற மாதிரிதானே” என்று அவர் எளிதாகப் பிடித்துக்கொண்டார். கிரேக்கமும் எபிரெயமும் படித்த என் நாக்குக்குத்தான் அது இன்னும் வசப்படவில்லை.

சென்ற வாரம் விசாவுக்காகச் சென்னை சென்றோம். சுவிட்சர்லாந்து செல்ல ஷெங்கன் விசா வேண்டும். போகவர விமானப் பதிவு, விடுதிப் பதிவு, வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, நாங்கள் நிச்சயமாய் ஊர் திரும்புவோம் என்பதற்குச் சான்றாகத் திருமண்டலத்தின் விடுப்புக் கடிதம் என்று ஒரு கட்டுக் காகிதங்கள். கடைசியில் பத்து விரல்களின் ரேகையும் பதியவேண்டும். என்னுடையது ஒரே தடவையில் பதிந்தது. அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவியில் விழவில்லை. அங்கிருந்த இளம்பெண் பொறுமையாக, ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். மறுபடியும் விழவில்லை. “ரேஷன் கடையிலயும் இப்படித்தாம்மா. சின்ன வயசுலயே தேஞ்சுபோச்சு” என்று என் துணைவியார் சிரித்துக்கொண்டே சொல்லி, முந்தானையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். நான்காம் முறை பதிந்தது.

25 ஆண்டுகளுக்கு முன் ஆலயத்தில் சபையார் முன்னிலையில் நான் பற்றிய கைதான் அது. அந்த விரல்களை அன்றுதான் பார்த்தேன் என்று சொன்னால் மிகையாகாது.

விசா கிடைக்குமா என்று இன்னும் தெரியவில்லை. கிடைத்தால் மே மாதம் போய்வருவோம். கிடைக்காவிட்டாலும் இந்த ஆயத்தம் வீணல்ல. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஜெனீவாவுக்குப் போகவேண்டியதில்லை, இன்றிரவு உணவு முடிந்தபின், உங்களோடு நெடுந்தூரம் நடந்துவந்தவரிடம் கேளுங்கள்: “நீ எங்கே போக விரும்புகிறாய்? உன் மனதில் என்ன இருக்கிறது?” “ஒண்ணுமில்லை” என்றே முதலில் பதில் வரும். எழுந்து போய்விடாதீர்கள். சற்று நேரம் கூடவே உட்கார்ந்திருங்கள்.

ஜெபம்: எங்கள் வழிகளை அறிந்த ஆண்டவரே, விடிவதற்கு முன் பஸ் ஏறிய பிள்ளைகளை நீர் அன்றே பார்த்திருந்தீர். எங்கள் பக்கத்திலேயே இருப்பவர்களைப் பார்க்கும் கண்களையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவிகளையும் எங்களுக்குத் தாரும். எங்கள் ஊரின் எந்தப் பிள்ளையும் பள்ளிக்குப் போகவேண்டிய வயதில் வேலைக்குப் போகாதபடி எங்களை விழிப்பாய் வைத்திரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.