லோயர் கேம்ப்பிலிருந்து வரும் சத்தம்

அக்கா மகன் வீட்டிலேயே கட்டிய ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் கொடுத்ததும், பாட்டு வருவதற்கு முன்னால், குடத்துக்குள் வண்டு அடைபட்டதுபோல் கும்மென்று ஒரு சத்தம் எழுந்தது, அதோடு எங்கிருந்தோ பூண்டு வாசமும் வந்தது. வடுகபட்டியில் எங்கள் ஐயா வீட்டுத் திண்ணையில், கொடைக்கானல் மலைக் கிராமங்களிலிருந்து சந்தைக்கு இறங்கிய பூண்டு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு நிற்கும், உள்ளே சுவரோரம் மரப்பெட்டி வால்வு ரேடியோ, சுவிட்சைத் திருப்பினால் உடனே பேசாது, பின்பக்க அட்டையின் துளைகள் வழியே வால்வுகள் மெல்லச் சிவப்பது தெரியும், படிந்த தூசி சூடாகி ஒரு வாசம் கிளம்பும், பிறகு இதே கும்மென்ற சத்தம், அதன்மேல் ஏறித்தான் இலங்கை வானொலி வரும். அதுவரை ஐயா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார், அப்பத்தா பூண்டு உரித்த கையை முந்தானையில் துடைத்தபடி நிலைப்படியில் வந்து உட்காரும், இரண்டு பேருக்கும் அவசரமே கிடையாது.

ஒரு பங்குனியில் அந்தச் சத்தம் பாட்டையே விழுங்குமளவு பெருத்துவிட்டது, ரேடியோவைத் துண்டில் கட்டிப் பெரியகுளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே என் தாய்மாமன் மைக் செட்டு வைத்திருந்தார், கல்யாணம் காதுகுத்து இல்லாத நாட்களில் ரேடியோ பார்ப்பார், ஒற்றைக் குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம், ஈயம் உருகும்போது எழும் ஃப்ளக்ஸ் புகை, அதில் கலந்த பீடி வாசம், இவ்வளவுதான் அவர் கடை. பெட்டியைத் திறக்கமாட்டார், முதலில் ஸ்பீக்கரோடு காதை ஒட்டி, கண்ணை மூடிக் கேட்பார். "மாப்ள, வால்யூமை அடியோட குறைச்சுப் பாரு, அப்பவும் உறுமுனா கோளாறு கரண்டு வர்ற பக்கம், கூட்டக் கூட்ட ஏறுனா பாட்டு வர்ற பக்கம்." எங்கள் ரேடியோ குறைத்தும் உறுமியது. நம் மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருவது, அதை ஒரே திசைக்குத் திருப்பும்போது நொடிக்கு 100 மேடு பள்ளம் விழும், பள்ளத்தை நிரப்புவது ஃபில்டர் கண்டன்சரின் வேலை, வயதான கண்டன்சருக்குள் ஈரம் காய்ந்துவிட்டால் பள்ளம் பள்ளமாகவே நின்று ஸ்பீக்கரில் கேட்கும். புதுக் கண்டன்சர் போட்டார், சத்தம் அடங்கியது.

அந்தக் கோடையில்தான் கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து, ராட்சதக் குழாய்களில் தலைகீழாக இறங்கிச் சுழலியைச் சுற்றுகிறது, கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லுக்கும் திராட்சைக்கும் போகும் முன்னால் கரண்டைக் கொடுத்துவிட்டுப் போகிறது. வேலிக்கு வெளியே நின்று கேட்டால், டிரான்ஸ்ஃபார்மர்களின் இரும்பு நொடிக்கு 100 தடவை நுண்ணளவு நீண்டு சுருங்கும் உறுமல், ஐயா வீட்டு ரேடியோவின் அதே சுருதி. "உங்க ஐயா திண்ணையில கேக்குறது இந்தத் தண்ணி மாப்ள" என்றார் மாமா. 2013 டிசம்பர் 31இல் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்த பிறகு காஷ்மீரத்திலும் கம்பத்திலும் இந்த உறுமலுக்கு ஒரே சுருதிதான், மாமா இருந்தால் அப்போதும் லோயர் கேம்ப் தண்ணீர் என்றுதான் சொல்லுவார்.

"மாமா, வேற போர்டு ஆர்டர் போட்டுரலாமா" என்று உறுமிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரைக் காட்டி அக்கா மகன் கேட்டான், போனை எடுத்தும்விட்டான். இப்போது எல்லாமே அப்படித்தான், கேட்டுப் பார்க்கும் பொறுமை போய்விட்டது, கேட்கவும் என்ன மிச்சமிருக்கிறது, மத்திய அலையைத் திருப்பினால் தெருவிலுள்ள மலிவு எல்இடி பல்புகளின் கரகரப்புதான் முன்னால் வருகிறது. வால்யூமைத் திருப்பச் சொன்னேன், கூட்டக் கூட்ட உறுமலும் ஏறியது, அப்படியானால் ஆம்ப்ளிஃபயரின் எல்ஏ 4440 ஐசி மேலும் கண்டன்சர் மேலும் குற்றமில்லை. பாட்டு நுழையும் ஜாக்கின் உலோகம் தகரப் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஷீல்டு வயர் வழியே ஓர் எர்த், பெட்டி வழியே இன்னோர் எர்த், இரண்டும் சேர்ந்து ஒரு வளையம், பக்கத்திலேயே டிரான்ஸ்ஃபார்மர் அந்த வளையத்துக்குள் உறுமலை ஏற்றிக்கொண்டிருந்தது. ஜாக்குக்கு அடியில் பிளாஸ்டிக் வாஷர் வைத்து, பெட்டியின் எர்த்தை ஃபில்டர் கண்டன்சருக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் விட்டோம், டிரான்ஸ்ஃபார்மரையும் கொஞ்சம் திருப்பி வைத்தோம், உறுமல் போயிற்று. தாய்மாமன் கண்ணை மூடியதை இத்தனை நாளும் தொழில் பந்தா என்றே நினைத்திருந்தேன், பையன் போனைக் கீழே வைத்துவிட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டிக் கண்ணை மூடியபோதுதான் அவர் என்ன செய்தார் என்று புரிந்தது.

உங்கள் வீட்டிலும் உறுமுகிற செட்டு இருக்கலாம், குப்பைக்குத் தராதீர்கள், வால்யூமைக் குறைத்தும் கூட்டியும் முதலில் கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கும், வால்வு செட்டில் அது உயிரையே வாங்கும், தெரிந்தவரைக் கொண்டு அதை இறக்கிய பிறகே உள்ளே கை வையுங்கள்.