மழைமானிக்குப் பக்கத்தில்

இலங்கையின் பதுளை மாவட்டத்தில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பெரட்டு எனும் காலை ஆள்கணக்கு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். இரவெல்லாம் பெய்த மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் ஊன்றிய கம்பில் ஒரு பிளாஸ்டிக் குழாய், அதுதான் மழைமானி. கொழுந்து பறித்து ஓய்ந்த ஒரு மூதாட்டி குனிந்து, நீர்மட்டத்துக்குக் கண்ணைச் சரிபார்த்துப் பிடித்து, "அறுபத்திரண்டு" என்கிறார். பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கும் பேரன் கொப்பியில் எழுதிக்கொள்கிறான். அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குழாயை நேராக நிறுத்துகிறார்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் எச்சரிக்கை. 150 என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த இந்த மூன்று எண்களும் பேரனுக்கு மனப்பாடம்.

அந்த நிறுவனத்தின் அதிகாரிகள் இருவர் இன்று வந்திருக்கிறார்கள். கூடவே பல்கலைக்கழக மாணவர்கள் சிலர். ஒரு மாணவி இஸ்தோப்பைத் தாண்டி மூன்றாவது காம்பராவுக்குள் போகிறாள். பத்துக்குப் பன்னிரண்டு அடி. அடுப்புப் புகையில் கறுத்த தகரக் கூரை. கதவோரச் சுவரில், தரையிலிருந்து மேலேறுகிறது ஒரு வெடிப்பு. முன்பு வந்தவர்கள் அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறார்கள். வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு கட்டைவிரல் நீளம் போயிருக்கிறது. அவள் அளவுநாடாவை வைத்துப் பார்க்கிறாள். புதிய நுனியில் இன்னொரு கோடு, இன்றைய தேதி.

"போன மழைக்கு இவ்வளவு இல்ல மிஸ்," என்கிறார் பின்னால் வந்த மூதாட்டி.

"பீலித் தண்ணி எப்படி வருது அம்மாயி?"

"மூணு நாளாக் கலங்கித்தான் வருது."

பக்கத்தில் நின்ற அதிகாரி வெடிப்பை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் எழுதுகிறார். மேல்மலையில் தூர்ந்துபோன வடிகான்களில் ஓட வழியில்லாத மழைநீர் மண்ணுக்குள் இறங்குகிறது. மண் துகள்களுக்கிடையே நீரழுத்தம் கூடுகிறது. ஒன்றையொன்று பிடித்திருந்த துகள்களின் பிடி தளர்கிறது. தெளிந்த ஊற்று கலங்குவதும், நிமிர்ந்து நின்ற மரம் சாய்வதும், சமதரை பிளப்பதும் மலை நகரத் தொடங்கியதன் அடையாளங்கள். கருவி இல்லாமலே இந்த மூதாட்டி அதில் ஒன்றைக் கண்டு வைத்திருக்கிறார்.

1984இல் தொடங்கிய இந்த நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்க இறங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். மொரட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் மலைச்சரிவையும் கட்டுமானத்தையும் ஆராய்கின்றன. இலங்கையில் பிறந்த பேராசிரியர் டிலந்தி அமரதுங்க இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் நடத்தும் அனர்த்தத் தாங்குதிறன் மையம் இவர்களோடு கைகோத்திருக்கிறது. ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை.

இங்கிருந்து தொலைவில்லை கொஸ்லந்தை மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது, ஆட்களை அப்புறப்படுத்துங்கள் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எழுந்து போ என்றால் எங்கே போவது? காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் பொறுப்பில் இருக்கிறது. லயம் தோட்டத்துடையது. குடியிருப்பவர் கையில் ஒரு துண்டுக் காணி உறுதிகூடக் கிடையாது. மீரியபெத்தையில் தப்பியவர்களுக்கு மகல்தெனியவில் 75 புதிய வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்; மலை சரிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

மாணவர்கள் அடுத்த லயத்துக்கு நகர்கிறார்கள். அதிகாரி மூதாட்டியிடம் தமிழில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறார்: "இன்னைக்கு ராத்திரி மழை விடாமப் பெய்தா, காத்திருக்காம எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க." அவர் தலையாட்டுகிறார். "போறோம் சேர். விடிஞ்சா இங்கதானே வரணும்?" அதிகாரி கொப்பியை மூடுகிறார். அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

பதில் சொல்ல வேண்டியவர்கள், காணியைக் கையில் வைத்திருக்கும் அரசும் கம்பனிகளும், வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க இரண்டு உண்டு. முதலாவது ஆய்வு. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது; தேயிலைத் தொழில்நுட்பமும் கனிம வளமும் கற்பிக்கிறது. தேயிலையை ஆராய்கிற இடத்தில், அதைப் பறிப்பவரின் வீட்டையும் அந்த வீடு நிற்கும் மண்ணையும் ஆராய நிலையான ஒரு மையம் வேண்டும். அதன் அறிக்கைகள் தமிழிலும் வர வேண்டும். பீலி கலங்குவதைக் கண்டவரின் பேச்சும் அதில் பதிவாக வேண்டும். அதைவிட முக்கியம் காணி. தோட்ட வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று ஏற்கெனவே கணக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆபத்து என்று குறித்த ஒவ்வொரு லயத்துக்கும், எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கும் அன்றே, பாதுகாப்பான இடத்தில் அந்த 7 பேர்ச்சையும் அதன் உறுதியையும் சேர்த்துக் கொடுங்கள். போக இடம் காட்டாத எச்சரிக்கை பாதி வேலைதான்.