புரிஞ்சது சார்

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நான் 200-க்கு 200. அந்த மார்க்கோடுதான் 2009-ல் கவுன்சலிங் போய், செங்கல்பட்டை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்தேன். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது கணக்கில் ‘யூ’. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸிலும் ‘யூ’. அண்ணா பல்கலைக்கழக கிரேடு முறையில் அதற்கு அர்த்தம், திரும்ப எழுது என்பதுதான். சென்டம் வாங்கியவன் கணக்கில் அரியர் வைத்ததை அப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே சில நாட்களை ஓட்டினேன்.

அந்த சென்டம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். பத்தாம் வகுப்பு முடித்ததும் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பதினொன்றாம் வகுப்பு என்று பெயர். கையில் கொடுத்தது பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம். பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு இல்லாத அந்தக் காலத்தில் பல தனியார் பள்ளிகள் இப்படித்தான் நடத்தின. இரண்டு வருடமும் ஒரே புத்தகம், ஒரே பயிற்சிக் கணக்குகள். எண் மாறாமல், வரி மாறாமல் எழுதிப் பழகினோம். எல்லை, சார்பு, திரிகோணமிதி, வகையீட்டின் ஆரம்பம் எல்லாம் இருந்த பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. பள்ளி செய்தது தவறுதான். ஆனால் அந்த ஓட்டை எனக்குள் இருப்பது கல்லூரிக்கு வந்த முதல் மாதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை மூடி மறைத்தது நான். பள்ளிக்கு அதில் பங்கில்லை.

முதல் நாள் அறிமுகத்தில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், கட்-ஆஃப் சொன்னோம். நான் சென்டத்தையும் சேர்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து பக்கத்து பெஞ்சுக்காரர்கள் கணக்கு நோட்டை என்னிடம் நீட்ட ஆரம்பித்தார்கள். முதல் யூனிட் மேட்ரிக்ஸ். படிப்படியாகப் போட்டால் வந்துவிடும், சமாளித்தேன். வளைவு ஆரம், என்வலப், பார்ஷியல் டெரிவேட்டிவ் என்று போகப் போக, போர்டில் நடப்பது ஒரு பக்கமும் என் பேனா ஒரு பக்கமுமாக ஆனது. “புரியுதா?” என்று சார் திரும்பிப் பார்க்கும்போது முன் பெஞ்சில் இருந்து வரும் “புரிஞ்சது சார்” என் குரல்தான். தமிழ் மீடியத்தில் படித்தவன், ஆங்கிலத்தில் எழுந்து கேட்கக் கூச்சம் என்று பிற்பாடு பலரிடம் காரணம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூச்சம் உண்மைதான். ஆனால் அந்த சார் தமிழிலேயே கேட்கச் சொன்னார். அதற்கும் நான் எழுந்திருக்கவில்லை.

கிராஃபிக்ஸ் வேறு மாதிரி சோதனை. போர்டில் டிராஃப்டரை மாட்டி, ஷீட்டைச் செலோ டேப்பால் ஒட்டி, ஒரு பொருளை முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று வரைய வேண்டும். அதற்கு அந்தப் பொருள் மனக்கண்ணில் திரும்ப வேண்டும். எனக்குத் திரும்பவில்லை. பிரமிடைச் சாய்த்து வெட்டினால் என்று வாத்தியார் ஆரம்பித்தாலே எனக்குக் கோடுகள் மட்டும்தான் தெரிந்தன, பிரமிடு தெரியவில்லை.

ஹாஸ்டலில் அதற்கு வழி இருந்தது. ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கழற்றி இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து, கீழே டேபிள் லேம்ப்பை ஏற்றிவிட்டால் போதும். அடியில் அடுத்தவன் ஷீட், மேலே நம் ஷீட். பென்சில் தானாகப் போகும். என் அடியில் இருந்தது பெரும்பாலும் ஒரே ஒருவனின் ஷீட், என் பெஞ்ச் நண்பனுடையது. அவன் மாமல்லபுரத்துக்காரன். திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ்ஸில் வந்து போவான். பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட மார்க் ரொம்பக் குறைவு. கிராஃபிக்ஸ் மட்டும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு நாள் ஷீட்டைக் கொடுக்கும்போது கேட்டான்.

“எத்தனை நாளைக்குடா இப்படியே இழுப்ப? ஞாயித்துக்கெழம எங்க பட்டறைக்கு வா. கல்லுல காட்டுறேன், டக்குனு புரிஞ்சிடும்.”

“எனக்குப் புரியாமலா ட்ரேஸ் எடுக்கறேன்? டைம் இல்லடா” என்றேன். அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறமும் ஷீட் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஒரு ஷீட்டில் அவன் சின்னத் தப்பு ஒன்று செய்திருந்தான். மறைந்திருக்கும் விளிம்புக்குப் புள்ளிக்கோடு போடாமல் முழுக்கோடாக இழுத்துவிட்டான். இரண்டு ஷீட்டும் திரும்பி வந்தபோது, இரண்டிலும் அதே இடத்தில் சிவப்பு வட்டம். வாத்தியார் எதுவும் கேட்காமல் எங்கள் இருவருக்கும் மார்க் போட்டிருந்தார். அவன் தன் வட்டத்தைப் பார்த்ததும் “ச்சே, பின்னாடி இருக்கற எட்ஜ்டா இது” என்று உடனே அழித்துத் திருத்தினான். நான் என்னுடையதில் எதை அழிப்பது என்று தெரியாமல் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேர்வில் வந்தது அறுகோணப் பிரமிடு. கிடைத்தளத்தின் மேல் அடிப்பக்கம் படிய நிற்கிறது, சாய்வான ஒரு தளம் அதை வெட்டுகிறது. வெட்டு முகத்தின் ட்ரூ ஷேப்பை வரைக. நான் மனப்பாடம் செய்துவைத்திருந்தது ஐங்கோணம். அதை ஒவ்வொரு கோடாக, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று நினைவில் வைத்திருந்தேன். பக்கம் ஒன்று கூடியதும் அத்தனை கோடுகளும் இடம் மாறின. அறுகோணத்தை மட்டும் சுத்தமாக வரைந்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டேன். பக்கத்து மேஜையில் டிராஃப்டர் சரசரவென்று நகரும் சத்தம் கேட்டது. மூன்று மணி நேரம் என்பது அவ்வளவு நீளம் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அப்பாவிடம் கடைசியில் சொன்னேன். அவர் திட்டவில்லை. மல்லாட்டை விற்ற பணத்தில் ரீவேல்யுவேஷனுக்குக் கட்டினார். “பேப்பர் மாறிப் போயிருக்கும்பா, நீ சென்டம் எடுத்தவன்” என்றார். அந்தப் பணம் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை எனக்கு உறுத்துவது அரியர் அல்ல, அந்தப் பணத்தைக் கட்ட விட்டதுதான்.

அடுத்த செமஸ்டரின் ஸ்டடி லீவில், நானே போன் செய்து கேட்டுக்கொண்டு மாமல்லபுரம் போனேன். பட்டறை என்றால் மெயின் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் நிற்கும் கடை இல்லை. பின்னால் ஒரு சந்தில், தென்னங்கீற்றுக் கொட்டகை. நண்பனின் அப்பா, 1957-ல் அரசு தொடங்கிய சிற்பக் கல்லூரியில் படித்தவர் அல்ல. தன் அப்பாவிடமே உளி பிடித்தவர். ஒரு கருங்கல் பாளத்தின் முன் குந்தியிருந்தார். காவி தோய்த்த நூலை மேலிருந்து கீழ்வரை இழுத்துப் பிடித்து, விரலால் தெறித்தார். நேர்கோடு ஒன்று கல்லில் விழுந்தது. அது மையக்கோடு. முன்பக்கத்தில் அம்மன் உருவம் நேராக வரைந்திருந்தது. அதே கல்லின் பக்கவாட்டில், அதே அம்மன் ஒருக்களித்து.

“என்ன பாக்குற தம்பி? மூக்கு நுனி இங்க எந்த மட்டத்துல இருக்கோ, அங்கயும் அதே மட்டத்துல இருக்கணும். ஒரு நூல் தவறுனா மொகம் கோணிடும்” என்றார்.

வகுப்பில் ப்ரொஜெக்டர் என்று சொல்லிக்கொண்டு முன்பார்வைக்கும் பக்கப்பார்வைக்கும் நடுவே இழுக்கும் மெல்லிய கோடுகளை நான் எத்தனையோ ஷீட்டில் ட்ரேஸ் எடுத்திருக்கிறேன். அவை எதற்கு என்று ஒரு தடவையும் யோசித்ததில்லை.

நண்பன் மூலையில் கிடந்த மாவுக்கல் துண்டு ஒன்றை எடுத்து வந்தான். மாவுக்கல் மெத்தென்றிருக்கும், சின்னப் பிள்ளையார், யானை எல்லாம் அதில்தான் செய்வார்கள். அரத்தால் நாலு பக்கமும் சரித்துத் தேய்த்து ஒரு பிரமிடு மாதிரி ஆக்கினான். பென்சிலால் சாய்வாக ஒரு கோடு போட்டு, ஆக்சா பிளேடை வைத்து அறுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினான். வெள்ளை மாவு முழங்காலெல்லாம் கொட்டியது. மேல்துண்டு தனியே வந்தது.

“கண்ணுக்கு நேரா புடி. வெட்டு எப்படித் தெரியுது?”

“கோடாத் தெரியுது.”

“இப்ப மேலேர்ந்து பாரு.”

பார்த்தேன். வெட்டு முகம் தெரிந்தது, ஆனால் அமுங்கி, குட்டையாக.

“இதுல எதுடா அதோட நெசமான அளவு?”

பதில் சொல்லாமல் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தேன். முகம் நீண்டுகொண்டே வந்தது. ஓரிடத்தில் அது முழுதாக என்னைப் பார்த்தது. இன்னும் சாய்த்தால் மறுபடி சுருங்கியது. திரும்ப அந்த இடத்துக்கே கொண்டுவந்தேன். ஷீட்டின் மூலையில், எல்லாப் படத்துக்கும் கோணலாக, ஏன் என்றே தெரியாமல் நான் ட்ரேஸ் எடுத்துவந்த அந்த மூன்றாவது படம் இதுதான். வெட்டு முகத்துக்கு நேர் எதிரே போய் நின்று பார்ப்பது. அவ்வளவுதான் விஷயம். நண்பன் வெட்டு முகத்தை ஒரு தாளில் கவிழ்த்து, சுற்றிப் பென்சில் ஓட்டித் தாளை என்னிடம் கொடுத்தான். “போன வருஷமே கூப்டேனே” என்று அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவன் மாவைத் தட்டிவிட்டு, “சாப்ட வா, அம்மா மீன் கொழம்பு வெச்சிருக்காங்க” என்றான்.

சாயங்காலம் ஊரின் மேற்கு ஓரத்துக்குக் கூட்டிப் போனான். பிடாரி ரதங்கள், வலையன்குட்டை ரதம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வராத இடம். பல்லவர் காலத்துச் சிற்பிகள் மேலே சிகரத்தை முடித்துவிட்டு, கீழே வெறும் பாறையாக விட்டுப்போனவை. குன்றின் மேல் முடிக்காத குடைவரைகளில், பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்தைச் சுற்றி ஆழமாகக் கோடு வெட்டி, நடுவில் துருத்தும் கல்லைப் பிறகு தட்டி எடுத்திருக்கும் தடம் இன்னும் தெரிகிறது. முடிந்த கோயிலில் இது எதுவும் தெரியாது. இப்போது இரண்டாம் செமஸ்டரில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற பாடமே வந்துவிட்டது; அதில் மாமல்லபுரமும் உண்டு. அந்தப் பாடம் எடுக்கும் கல்லூரிகள் பல, இந்தப் பாறைகளிலிருந்து ஒரு பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டலாம்.

கணக்குக்கு வேறு ஆளிடம் போனேன். இரண்டாம் செமஸ்டர் எடுத்த மேடமிடம் ஸ்டாஃப் ரூமில், “மேடம், எனக்கு லிமிட்னாலே என்னன்னு தெரியாது” என்றேன். சொல்லி முடிக்கும்போது காது சூடானது. அவர் நிமிர்ந்து பார்த்து, “பிளஸ் ஒன் நடத்தல, அதானே? உன் கிளாஸ்ல பாதிப் பேர் அப்படித்தான். நீதான் முதல்ல வந்திருக்க” என்றார். பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்திலிருந்து போடச் சொன்னார். டபுள் இன்டக்ரலில் ஆர்டர் மாற்றும் கணக்கை நான் வரிசை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். அவர் பேனாவைப் பிடுங்கி, “மொதல்ல ஏரியாவ வரை. வரையாம லிமிட் எங்கேர்ந்து வரும்?” என்றார். வரைந்தால், எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்குப் போகிறோம் என்று கண்ணாலேயே தெரிந்தது. அதுவும் மாவுக்கல் சங்கதிதான்.

இரண்டு அரியரும் போயின. ஆனால் போன பிறகும் அவை இருந்தன. நான்காம் ஆண்டில் கேம்பஸுக்கு வந்த ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனி, ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ இருந்தால் எழுத்துத் தேர்வுக்கே விடவில்லை. நண்பன் உள்ளே போனான், நான் கேன்டீனில் காத்திருந்தேன். படிப்பு முடிந்து மறைமலை நகரில் ஒரு சின்ன டூல் ரூமில் பயிற்சியாளாகச் சேர்ந்து, அவன் முதல் வருடம் வாங்கிய சம்பளத்தை எட்ட எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதுவரை கல்விக்கடன் வட்டியை அப்பாதான் கட்டினார்.

பதினொன்றாம் வகுப்புக்கு 2018-ல் முதல் பொதுத்தேர்வு நடந்தபோது நான் மனதார மகிழ்ந்தேன். 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை நிறுத்திவிட்டார்கள். பதினாறு வயதில் இன்னொரு பொதுத்தேர்வு பிள்ளைகளுக்குப் பாரம் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது. பரீட்சை இல்லாத வருடத்தைப் பள்ளிகள் என்ன செய்யும் என்பதை நான் பார்த்தவன்.

அக்கா மகள் இந்த வருடம் செங்கல்பட்டு பக்கமே ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் போனில், “வளைவு ஆரம் சுத்தமா புரியல மாமா. ஆனா கிளாஸ்ல யாருமே கேக்க மாட்டேங்கறாங்க. நான் மட்டும் எப்படிக் கேக்கறது?” என்றாள். மேத்ஸ் ஸ்டாஃப் ரூம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ரெண்டாவது மாடி, லைப்ரரிக்கு எதிரே என்றாள். மதிய இடைவேளையில் கூட்டம் இருக்காது, நோட்டோடு போ, கூட ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு போனாலும் சரி என்றேன். போய்விட்டாளா என்று இன்னும் நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேட்க வேண்டும்.