மன்னார்க் கரையோரம் – 5: பெரியமடுவில் ஒரு பனிக்கால இரவு

விடத்தல்தீவின் கண்டற்காடுகளைச் சென்ற இதழில் கண்டோம். அங்கிருந்து கடலுக்கு முதுகுகாட்டி உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், உப்புக்காற்று சிறிது சிறிதாக ஓய்ந்து, உடைமரங்கள் பின்தங்கி, பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கும் வன்னிக் காட்டின் விளிம்புக்குப் பாதை வந்து சேர்கிறது. அந்த விளிம்பில், ஒரு பெருங்குளத்தையும் அதன் நீரால் விளையும் வயல்களையும் நம்பி வாழும் முஸ்லிம் விவசாயிகளின் ஊர் பெரியமடு. மன்னார் என்றவுடன் வெயிலையும் மணலையும் கருவாட்டையுமே நினைத்துக்கொள்ளும் அன்பர்களுக்கு, இந்தப் பிரதேசத்தில் குளிரைப் பற்றி எழுத என்ன விஷயம் இருக்கிறது என்ற சந்தேகம் எழக்கூடும். மார்கழிக் கடைசியில், காலபோக நெல் பால்பிடித்து நிற்கும் பருவத்தில், இங்கே ஒரு காவற்பரணில் இரவைக் கழித்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

நெல் பால்பிடித்த நாள் முதல் அரிவுவெட்டு முடியும்வரை இவ்வூர் ஆண்களுக்கு வீட்டில் நித்திரை கிடையாது. காட்டுப்பன்றி கூட்டமாக வந்தால் ஒரே இரவில் பாதி வயலை உழுதுவிட்டுப் போய்விடும். யானை வந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே நான்கு கம்புகளை நட்டு, ஆளுயரத்துக்கு மேல் தடிகளைக் குறுக்கே பரப்பி, மேலே கிடுகு வேய்ந்த பரணில், டோர்ச்சும் யானைவெடியுமாக விடியும்வரை கண்விழித்திருப்பது அவர்கள் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்துவருகிறது. எனக்கு இடம் கொடுத்த பெரியவர் சிறுவயது முதல் காவலுக்குப் போய்ப் பழகியவர். அவரை ஊரார் அனைவரும் அழைப்பதுபோல் நானும் நானா என்றே அழைத்தேன்.

குளிர் என்றவுடன் நினைவுக்கு வரும் நுவரெலியாவில் தை மாசியில் புற்றரைமீது உறைபனி வெள்ளையாகப் படியும். ஆனால் அங்குள்ளவர்கள் குளிரைத் தெரிந்தவர்கள், கம்பளியும் கதவும் சுவரும் கொண்டு அதை எதிர்கொள்கிறவர்கள். இந்தச் சமவெளியிலோ, வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம் என்பதால், குளிரைக் குளிராக யாரும் மதிப்பதில்லை. உலர்ந்த உடம்புக்கு 20 பாகை ஒரு சுகமான தட்பமே. நனைந்து, காற்றில் அடிபட்டு, இரவு முழுவதும் அசையாமல் இருக்கும் உடம்புக்கு அதே 20 பாகை நோயையும், சில வேளைகளில் அதற்கு மேலானதையும் கொண்டுவரும். அசையாத காற்று சரீரத்தின் உஷ்ணத்தை மெல்லவே கடத்தும். நீரோ அதைவிட இருபது மடங்குக்கும் அதிகமான வேகத்தில் கடத்திவிடும். நனைந்த துணியைப் போர்த்திக்கொள்வதைவிட அதைக் கழற்றி எறிவதே பல சமயங்களில் நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

வன்னியின் குளிரில் இரண்டு ஜாதி உண்டு என்று நானா சொன்னார். மழையோடு வாடைக்காற்று வீசும் நாட்களில் வருவது ஒன்று. அது ஆளை நேரே வந்து தாக்கும். மழை ஓய்ந்து, மேகமெல்லாம் கலைந்து, ஆகாயம் நட்சத்திரங்களோடு துலக்கமாக இருக்கும் இரவுகளில் வருவது மற்றொன்று. நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை மேகத்திரை இல்லாத ஆகாயத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவதனால், நள்ளிரவுக்குப் பின் புல்லும் இலையும் போர்வையும் காற்றைவிடக் குளிர்ந்து, அவற்றின்மீது பனி கோத்துக்கொள்கிறது. வெட்டவெளியில் படுத்தவன் போர்வை விடியுமுன் நனைந்துவிடுவதும், பத்தடி தள்ளி அடர்ந்த மரத்தின் கீழ் படுத்தவன் போர்வை உலர்ந்தே இருப்பதும் இதனால்தான். மரத்தின் தழை, வெப்பம் ஆகாயத்துக்குப் போய்விடாமல் மறிக்கிறது.

பரணில் ஏறியதும் நானா செய்த முதற்காரியம், உடுத்தியிருந்த சாரத்தை மாற்றியது. வரம்பில் நடந்து வந்ததில் அதன் கரை முழங்கால்வரை நனைந்திருந்தது. பொலித்தீன் பையில் பத்திரமாகக் கட்டிவைத்திருந்த உலர்ந்த சாரம் ஒன்றை எடுத்து உடுத்தி, கால்களைத் துவாயால் விரலிடுக்குவரை துடைத்துவிட்டே அவர் பாயைத் தொட்டார்.

"நனைஞ்ச சாரத்தோட படுக்கிறதும் குளத்துக்குள்ள படுக்கிறதும் ஒண்டுதான் தம்பி," என்றார்.

நான் கொண்டுபோயிருந்த இரண்டு கம்பளிகளையும் மேலே போர்த்திக்கொள்ள ஆயத்தமானபோது, அவற்றில் ஒன்றை வாங்கி மடித்து எனக்குக் கீழே விரித்தார். "குளிர் மேலால வாறதில்ல, கீழால வாறது."

இது அனுபவத்தில் பிறந்த முழு உண்மை. படுத்தவனுடைய எடையால் அவனுக்குக் கீழுள்ள துணி நசுங்கி, அதற்குள் இருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. துணியைவிட அந்தக் காற்றே நம்மைக் காப்பது. பரணிலோ இன்னொரு தொல்லை, தடிகளின் இடைவெளியால் வாடை கீழிருந்து ஏறும். அதற்கு நானாவின் உபாயம் இப்படி இருந்தது: தடிகளின்மேல் உரச்சாக்குகளைப் பிரித்து விரித்து, அதன்மேல் முழ உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, வைக்கோலின்மேல் பனையோலைப் பாய், பாயின்மேல் கம்பளி. நெல்லின் தாள் உள்ளே குழலாக இருப்பதால், நசுங்கினாலும் கொஞ்சம் காற்றைத் தன்னிடம் தக்கவைத்துக்கொள்கிறது. ஆனால் அது நனையாத வைக்கோலாக இருக்கவேண்டும் என்பதற்காக, சிறுபோகத்து வைக்கோலைக் கூரையடியில் தனியாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் கிடுகைத் தரைவரை இறக்கிக் கட்டி, மற்றப் பக்கங்களைத் திறந்து விட்டிருந்தார். நாலு பக்கமும் அடைத்தால் பன்றி வரும் சத்தம் கேளாது.

நெருப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். பரணுக்குக் கீழே நெருப்பு மூட்டக்கூடாது, கிடுகு பற்றிக்கொள்ளும். சற்றுத் தள்ளி, மண்ணை அரைவட்டமாக அணைத்து, அந்த அணைப்பின் உட்புறம் பரணைப் பார்த்திருக்கும்படி அடுப்புப்போல் அமைத்து, நடுவில் பட்டுப்போன பாலைமரத்துக் கட்டை ஒன்றை நீளவாக்கில் வைத்திருந்தார். பாலை கனத்த மரம். பற்றச் சுணங்கும், பற்றினால் விடியும்வரை தணல் மாறாது. எரிய எரியக் கட்டையை உள்ளே தள்ளிவிடுவதே வேலை. இரண்டு முறை எழுந்து தள்ளினார். இரண்டாவது முறை அந்தத் தணலிலேயே கேத்தலை வைத்துக் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்தார்.

தணலைச் சட்டியில் அள்ளி, அடைத்த குடிலுக்குள் வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் வேறு சில இடங்களில் உண்டு. அன்பர்கள் யாரும் அதைச் செய்யவேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு. தூங்குகிறவனை எழுப்பாமலே கொன்றுவிடும்.

மல்லித்தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு 1990-க்குத் திரும்பியது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் தத்தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, பெரியமடு மக்களும் ஊரை விட்டுப் போனார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாகத் தங்கி, 2009-ல் யுத்தம் முடிந்த பின்பே திரும்பத் தொடங்கினார்கள். ஊரை விட்டுப் போனது மாரி தொடங்கும் காலத்தில். "அண்டைக்கு விரிக்க ஒரு சாக்கும் இல்ல. பிள்ளையள நடுவில போட்டு, நாங்க சுத்திவரப் படுத்தம்," என்றார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எதுவும் இல்லாதவர்கள் ஒருவர் உடம்பின் சூட்டை மற்றவருக்குக் கொடுத்துப் பிழைப்பது மனிதனின் மிகப் புராதனமான உபாயம். ஆனால் சொந்த வீடும் வயலும் உடைய ஒரு ஜனசமூகத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்த கொடுமையை எந்த நியாயத்தாலும் மறைக்க முடியாது என்று இங்கே எழுதிவைப்பது என் கடமை.

விடிந்ததும் அவர் என்னை மாட்டுக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றார். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை நோக்கிச் சென்றபோது, இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மழையும் கடுங்காற்றும் சேர்ந்து வீசி, மேய்ச்சல் வெளிகளில் நின்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டுபோயின. என்ன நோயோ என்று ஜனங்கள் கலங்கினார்கள். நோயல்ல, குளிரே காரணம் என்று கால்நடை வைத்தியர்கள் ஆராய்ந்து அறிவித்தார்கள். இந்நாட்டு மாடுகள் ஆண்டு முழுவதும் வெளியிலேயே கிடந்து வளர்பவை. மாரியில் மேய்ச்சல் நிலத்தை வெள்ளமும் வயலும் பிடித்துக்கொள்ள, அரைவயிற்றோடு நிற்பவை. தீனி குறைந்த உடம்பு தன் உஷ்ணத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளச் சக்தியற்றது. அப்படிப்பட்ட மந்தைமீது ஓர் இரவு முழுவதும் ஈரக்காற்று வீசியதும் அவை நின்ற இடத்திலேயே விழுந்தன. உறைபனி அறியாத சமவெளியில் குளிரால் மந்தைகள் அழியும் என்பதை அன்றுதான் பலர் முதன்முதலாக நம்பினார்கள்.

அந்த ஆண்டுக்குப் பிறகு நானா கட்டிய கொட்டிலில் விசேஷம் ஒன்றும் இல்லை: ஆறு கம்பு, ஒரு பழைய படங்கு, வடகிழக்குப் பக்கத்தில் கிடுகு மறைப்பு, நீர் தேங்காதபடி ஒரு சாண் உயர்த்திய மண்தரை. இவ்வளவு செலவுக்கும் வழியில்லாத மாட்டுக்காரர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். இழப்பு நேர்ந்தபின் கொடுக்கும் நிவாரணத்தில் ஒரு சிறு பங்கை மாரிக்கு முன்னமேயே படங்காகவும் கம்பாகவும் கொடுத்துவிட்டால் எத்தனையோ பசுக்கள் பிழைக்கும். அதிகாரத்தில் உள்ளவர்கள் இதைச் சிந்திக்கவேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

முன்பகலில் நானாவிடம் விடைபெற்று மடுவுக்குப் புறப்பட்டேன். ஆவணித் திருவிழாவுக்குப் பல்லாயிரம் யாத்திரிகர்கள் காட்டிலே கொட்டில் கட்டித் தங்கும் அந்தத் திருத்தலத்தைப் பற்றி அடுத்த இதழில் எழுதுகிறேன்.