பயனற்ற பெட்டி

இயந்திரம் என்று ஒன்று இருந்தால் அது ஏதேனும் ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். மாவரைக்க வேண்டும், நீரிறைக்க வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் காற்றாவது வீச வேண்டும். இந்த ஆண்டு அறிவியல் நாள் கண்காட்சிக்காக நான் செய்த இயந்திரம் இவற்றுள் எதையும் செய்யாது. அது ஒரு மரப்பெட்டி. மேலே ஒரு சுவிட்சு. அதைப் போட்டால் பெட்டியின் மூடி மெல்லத் திறக்கும். உள்ளிருந்து ஒரு மரக்கை எட்டிப் பார்க்கும். நீங்கள் போட்ட சுவிட்சை அணைத்துவிட்டு, மறுபடியும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்!

இது என் சொந்தக் கற்பனையன்று. 1952ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது மார்வின் மின்ஸ்கி என்ற இளைஞருக்குத் தோன்றிய எண்ணம். அங்கே அவருக்கு மூத்தவரான கிளாடு ஷானன் அதைச் செய்தே மேசைமேல் வைத்துக்கொண்டார். ஷானன் வேலையற்றவர் அல்லர். 1948இல் அவர் எழுதிய செய்திக் கோட்பாடுதான் இன்று நம் கைப்பேசி பேசுவதற்கே அடிப்படை. அத்தகையவர் இப்படியொரு பெட்டி செய்தார் என்று நூலகத்தில் படித்த அன்றே எனக்கு ஆசை பற்றிக்கொண்டது.

தேவையான பொருள்கள் சிலவே. பல்சக்கரம் பொருத்திய சிறு மோட்டார் ஒன்று, ஆறு முனைச் சுவிட்சு ஒன்று, மெல்லத் தொட்டாலே அழுந்தும் குட்டிச் சுவிட்சு ஒன்று, ஒன்றரை வோல்ட் பாட்டரிகள் நான்கு, கீல் இரண்டு. பலகைத் துண்டுகளைத் தெருக்கோடித் தச்சர் சும்மாவே கொடுத்தார். எல்லாம் சேர்ந்து 245 ரூபாய். எங்கள் வீட்டில் அது சிறிய தொகையன்று.

தமிழில் 'விசை' என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. இயற்பியலில் தள்ளுவதும் இழுப்பதும் விசை. சுவரில் இருக்கும் சுவிட்சும் விசை. சுவிட்சைத் தள்ளத் தேவையான விசை என்பதை நல்ல தமிழில் எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே சுவிட்சைச் சுவிட்சு என்றே எழுதுகிறேன், தமிழாசிரியர் பொறுத்தருள்க.

அந்தச் சுவிட்சுதான் முதலில் அடம் பிடித்தது. அதன் குச்சி மிகக் குட்டை. கை வந்து முட்டினாலும் அசையவில்லை. மோட்டார் முனகியது. பெரிய மோட்டார் வாங்கப் பணமில்லை. எழுதித் தீர்ந்த பேனாவின் குழாயைக் குச்சியின்மேல் செருகி, அதன் நீளத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினேன். நெம்புகோல் தத்துவம் பாதி விசையில் வேலையை முடித்தது. கை சற்றுக் கூடுதல் தூரம் போக வேண்டியதாயிற்று, போகட்டுமே!

இனி, பெட்டியின் உயிர்நிலை. ஆறு முனைச் சுவிட்சை ஒரு பக்கம் சாய்த்தால் மோட்டாரில் மின்சாரம் ஒரு திசையில் பாயும், கை புறப்படும். கை அதை மறுபக்கம் சாய்த்ததும் மின்சாரத்தின் திசை மாறும்; கை திரும்பும். ஆனால், எங்கே நிற்பது? மோட்டாருக்குக் கண் இல்லை. விட்டால் பெட்டியின் அடிப்பலகையை முட்டிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் குட்டிச் சுவிட்சு. கை வந்து அதன்மேல் படுத்தவுடன் மின்சுற்று அறுபடும். இந்தக் குட்டிச் சுவிட்சைத் திரும்பும் பாதையில் மட்டுமே வைக்க வேண்டும். புறப்படும் பாதையிலும் வைத்தால் பெட்டி ஒருநாளும் விழிக்காது.

கண்காட்சிக்கான படிவத்தில் பெயர், வகுப்பு, தலைப்பு எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். கடைசிக் கட்டம் 'சமுதாயப் பயன்'. என் நண்பர்கள் மழை வந்தால் மணியடிக்கும் கருவியும், தொட்டி நிரம்பினால் ஒலிக்கும் கருவியும் செய்திருந்தார்கள். அவர்களுக்கு எழுத இடம் போதவில்லை. எனக்கோ ஒரு சொல்லும் வரவில்லை. 'இல்லை' என்று எழுதினால் பெட்டி கண்காட்சிக்குள்ளேயே நுழையாது. பொய்யாக ஏதேனும் எழுதவும் மனமில்லை.

அன்றிரவு வீட்டில் பெட்டியை இயக்கிக் காட்டினேன். அம்மா சிரித்துக்கொண்டே நான்கு முறை சுவிட்சைப் போட்டுவிட்டு, "பாட்டரி தீந்துரும், எடுத்து வை கண்ணு" என்றார். அப்பா சிரிக்கவில்லை. பக்கப் பலகையைக் கழற்றச் சொன்னார். கை வந்து படுப்பதையும் மோட்டார் ஓய்வதையும் இரண்டு முறை குனிந்து பார்த்தார்.

"ஏஞ்சாமி, இது நம்ம தறியில இருக்கிற போர்க்குதானே?"

அப்பா விசைத்தறி ஓட்டுபவர். (மீண்டும் விசை!) நாடா ஓடும்போது ஊடைநூல், முள்கரண்டி போன்ற ஒரு கம்பியைத் தள்ளி விலக்கிக்கொண்டே இருக்குமாம். நூல் அறுந்தால் தள்ள ஆளில்லை. உடனே கம்பியின் வால் ஒரு கொக்கியில் மாட்டும். கொக்கி இழுக்க, கைப்பிடி விடுபட்டுத் தறி நின்றுவிடும். மின்சாரக் கம்பி ஒன்றுகூட இல்லாமல்! "உன்னுதுல கை வந்துட்டத அந்தப் பட்டன் சொல்லுது. எங்குளுதுல நூல் அந்துபோனத போர்க்கு சொல்லுது. அது இல்லீன்னா ஒருத்தன் நாலு தறி பாக்க முடியுமா?" என்று கேட்டார். பள்ளிப் பருவம் முழுவதும் அந்தத் தறிக் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோனவன் நான். சத்தம் கேட்டிருக்கிறேன், அந்தக் கம்பியைப் பார்த்ததில்லை.

காலையில் படிவத்தின் கட்டத்தில் எழுதினேன்: 'இயந்திரம் தானே நிற்பது எப்படி என்பதை விளக்க.' பேராசிரியர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார்.

கண்காட்சியில் பக்கத்து ஊர் அரசுப் பள்ளி மாணவிகள் பெட்டியை விடவே இல்லை. நண்பகலுக்குள் பாட்டரிகள் ஓய்ந்துவிட்டன. வேறு நான்கு வாங்கி வந்தேன். அவர்களுள் ஒருத்தி, "அண்ணா, உள்ளே காட்டுங்க" என்றாள். பக்கப் பலகையைக் கழற்றினேன். அதன்பின் மாலைவரை மூடவில்லை. மேலே எட்டிப் பார்க்கும் கையைவிட, உள்ளே அது படுக்கும் இடத்தைப் பார்க்கத்தான் கூட்டம் குனிந்தது.

அடுத்த விடுமுறை நாளில், நின்றிருந்த தறியின் அருகே அப்பா என்னை அமர்த்தி அந்தக் கம்பியை விரலால் அசைத்துக் காட்டினார். நோட்டில் படம் வரைந்து, அளவும் எடுத்திருக்கிறேன். வரும் ஆண்டுக் கண்காட்சிக்கு அதன் மாதிரியைச் செய்ய எண்ணம். பழைய கொக்கி ஒன்று தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.