டெல்லியை விற்ற ப்ரமோஷன்

டெல்லிக்குப் போகிறவர்கள் சாந்தினி சௌக்கில் ஜிலேபி தின்கிறார்கள், புடவைக்குப் பேரம் பேசுகிறார்கள், பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். சீஸ் கஞ்ச் குருத்வாராவை ஒட்டி, கடைகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சின்ன மசூதியை ஏனோ யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பெயர் சுனேரி மஸ்ஜித். பொன் நிறத்தில் மூன்று கும்மட்டங்கள், ஏறிப்போகக் குறுகலான படி. 1739 மார்ச் 22-ம் தேதி காலை பாரசீகத்து நாதிர் ஷா இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு வாளை உருவினார். அது உறைக்குள் திரும்புகிறவரை வெட்டலாம் என்று சிப்பாய்களுக்கு அர்த்தம். நாதிர் ஷா செத்துப்போனார் என்று முந்தின ராத்திரி யாரோ கிளப்பிவிட்ட புரளியை நம்பி, ஜனங்கள் அவருடைய ஆட்களை அடித்துக் கொன்றுவிட்டார்கள். அதற்கு இது பதில். மொகலாயச் சக்கரவர்த்தி முகம்மது ஷா கெஞ்சிக் கூத்தாடி வாள் உறைக்குள் போவதற்குள் இருபதாயிரம் பேருக்கு மேல் போயிருப்பார்கள் என்கிறார்கள். அநேகம் பேர் புரளியைக் கேட்டிருக்கக்கூட மாட்டார்கள்.

சரி, இந்த மனுஷர் டெல்லி வரைக்கும் ஏன் வந்தார்? அதற்கு 120 கிலோமீட்டர் சொச்சம் வடக்கே, சண்டிகர் ரோட்டில் கர்னாலுக்குப் போகவேண்டும். பிப்ரவரி 24-ம் தேதி சண்டை அங்கேதான். டெல்லிப் படைதான் பெரிசு. ஆனால் அவத் கவர்னர் சாதத் கான், தன் சாமான் வண்டிகளைப் பாரசீகர்கள் தாக்கினார்கள் என்றதும் யாரையும் கேட்காமல் பாய்ந்தார். உதவிக்குப் போன தளபதி கான் தௌரானுக்கு மரணகாயம். நிஜாம் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. மூணு மணி நேரத்தில் எல்லாம் ஓவர். சாதத் கான் கைதி.

இருந்தும் டெல்லி தப்பித்திருக்கும். 50 லட்ச ரூபாய் வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப நாதிர் ஷா சம்மதித்தாயிற்று. பேசி முடித்தவர் நிஜாம். அந்தச் சமயம் பார்த்து, செத்துப்போன கான் தௌரானின் மீர் பக்ஷி உத்தியோகம் காலியாக இருந்தது. படைக்குச் சம்பளப் பட்டுவாடா உள்பட எல்லாம் அந்த ஸீட்தான். அது நிஜாமுக்குப் போயிற்று. சாதத் கானுக்கு வயிற்றெரிச்சல். நேரே நாதிர் ஷாவிடம் போய், ‘ஐம்பது லட்சமெல்லாம் ஒரு பணமா? டெல்லிக்கு வாருங்கள், இருபது கோடி தேறும்’ என்று வத்தி வைத்துவிட்டார். உங்கள் ஆபீஸில் யார் முகமாவது ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

வந்தவர் 57 நாள் தங்கி, மயிலாசனம், கோஹினூர் என்று சுருட்டினார். பி.காம். படித்தவன் என்பதால் கணக்கு தேடினேன்: மொத்தம் எழுபது கோடி என்று ஒரு மதிப்பீடு. ஈரானில் மூன்று வருஷத்துக்கு வரி தள்ளுபடி!

சாதத் கான் இதையெல்லாம் பார்க்கவில்லை. படுகொலைக்கு முன்பே காலமாகிவிட்டார். காலில் இருந்த புண் என்று ஒரு கட்சி, விஷம் குடித்தார் என்று இன்னொரு கட்சி. ஆள் போனாலும் பாக்கி போகுமா? அவர் ஒத்துக்கொண்டிருந்த இரண்டு கோடியை வசூலிக்க அவத்துக்கே ஆள் அனுப்பினார் நாதிர் ஷா. கட்டியவர் சாதத் கானின் மருமகன். தெற்கு டெல்லியில் பஸ்ஸில் போகும்போது தோட்டத்துக்கு நடுவில் பெரிய கும்மட்டம் ஒன்று தெரியும். கண்டக்டரே பெயர் சொல்லி நிறுத்துவார். சஃப்தர்ஜங். அவர்தான் அந்த மருமகன்.